விலங்கை வதைத்த வீரரின் குணத்தை எதை வைத்து அளப்பது?

2024 ஜூலையில் பாரிஸ் ஒலிம்பிக் தொடங்க மூன்றே நாள் இருக்கும்போது, பிரிட்டனின் குதிரையேற்ற வீராங்கனை ஷார்லட் டுஜார்டின் போட்டியிலிருந்து விலகினார். மூன்று தங்கம் உட்பட ஆறு ஒலிம்பிக் பதக்கங்கள் வாங்கியவர். இன்னும் ஒன்று கிடைத்திருந்தால், பிரிட்டனில் அதிக ஒலிம்பிக் பதக்கம் வென்ற பெண் என்ற பெயர் அவருக்கு மட்டுமே உரியதாகியிருக்கும். விலகக் காரணம் ஒரு பழைய காணொளி. அவரிடம் பயிலும் ஒருவர் குதிரைமேல் உட்கார்ந்திருக்க, டுஜார்டின் கீழே நின்றபடி நீளச் சாட்டையால் அந்தக் குதிரையின் கால்களை விளாசுகிறார். ஒரே நிமிடத்தில் 24 அடி என்றார் புகார்தாரரின் வழக்கறிஞர்.

டுஜார்டின் மன்னிப்புக் கேட்டார். நடந்தது தன் இயல்புக்கு முற்றிலும் புறம்பானது, தான் குதிரைகளைப் பழக்கும் முறை அதுவல்ல என்றும் சொன்னார். அவர் மனதறிந்து பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு செயல் தன் இயல்புக்குள் வருமா, வராதா என்பதைச் செய்தவரே தீர்மானித்துக்கொள்ள முடியாது. குதிரைக்கு வாய் இல்லை. மேலே உட்கார்ந்திருப்பவரோ அவரிடம் கற்றுக்கொள்ள வந்தவர், எதிர்த்துப் பேசும் இடத்தில் இல்லாதவர். யாரும் தடுக்க வராத இடத்தில் ஒருவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதுதானே அவர் இயல்பைப் பற்றி நமக்குக் கிடைக்கும் நல்ல சாட்சி?

சரி, அப்படியானால் விலங்குக்குத் தீங்கு செய்த எல்லா வீரரையும் ஒரே தட்டில் வைத்துவிடலாமா? முடியாது. இதற்கு விளையாட்டு வரலாற்றிலேயே மூன்று பறவைகளின் கதை இருக்கிறது. 2001 மார்ச்சில் பேஸ்பால் வீரர் ராண்டி ஜான்சன் வீசிய பந்து, குறுக்கே பறந்த ஒரு புறாவின்மேல் பட்டுச் சிறகுகள் சிதறின. அது தற்செயல் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. 1983 ஆகஸ்டில் டொரொண்டோவில் ஆட்டத்தின் இடைவேளையில் இன்னொரு பேஸ்பால் வீரர் டேவ் வின்ஃபீல்ட் எறிந்த பந்து பட்டு ஒரு கடற்காகம் செத்தது. போலீஸ் அவரைக் கூட்டிக்கொண்டு போய் விலங்குவதை வழக்குப் போட்டது. வேண்டுமென்று குறிபார்த்தார் என்று காட்ட முடியாததால் மறுநாளே வழக்கு கைவிடப்பட்டது. மூன்றாவது, 2011இல் கொலம்பியாவில் நடந்தது. கால்பந்து மைதானத்தில் பந்து பட்டு விழுந்து கிடந்தது ஓர் ஆந்தை. லூயிஸ் மொரேனோ என்ற வீரர் அதன் அருகே நடந்து போய்க் காலால் எத்தினார். பறக்கிறதா என்று பார்க்கத்தான் அப்படிச் செய்தேன் என்று பிறகு சொன்னார். ஆந்தை பிழைக்கவில்லை.

இறந்தது என்னவோ மூன்றிலும் பறவைதான். ஜான்சனின் குணத்தைப் பற்றி அந்தப் புறாவின் சாவு எதுவுமே சொல்லவில்லை. மொரேனோ விஷயத்தில் நம்மை உறுத்துவது அந்த நிதானம். பந்துக்கு ஓடும் வேகத்தில் கால் பட்டுவிடவில்லை. அடிபட்டுக் கிடக்கும் ஓர் உயிரைப் பார்த்து, நெருங்கி, கால் ஓங்க அவருக்கு அவகாசம் இருந்தது. ஆனாலும் அது ஒரு கணம். அந்த ஒரு கணத்தை வைத்து ஒரு மனிதனின் மொத்தக் கணக்கையும் முடித்துவிட முடியாது. குணம் என்று நாம் சொல்வது திரும்பத் திரும்ப நடப்பதை, பழக்கத்தை.

இந்த இடத்தில் கூர்ட் ஸூமாவின் கதை பொருந்தும். 2022 பிப்ரவரி தொடக்கத்தில், வெஸ்ட் ஹாம் கால்பந்து அணியின் தடுப்பாட்டக்காரரான அவர் தன் வீட்டுச் சமையலறையில் வளர்ப்புப் பூனையை உதைப்பதும், அதன்மேல் ஷூவை எறிவதும், ஒரு சிறு குழந்தையின் கையில் இருந்த பூனையை அறைவதும் வெளியே வந்தது. ஒரு நாற்காலியைப் பூனை கெடுத்துவிட்டதாம், அதற்காக. படம் பிடித்தது தம்பி யோவான். அதை ஸ்னாப்சாட்டில் போட்டதும் அவர்தான், சிரிக்கும் முகக்குறிகளோடு.

உதையை விட அந்தச் சிரிப்புதான் எனக்கு அதிகம் சொல்கிறது. கோபத்தில் நிதானம் இழந்து கை ஓங்கியவர், அடுத்த நிமிடமே கூசிப்போவார். கேமராவைப் பார்த்தால் அணைக்கச் சொல்வார். இங்கே அப்படி ஒரு கூச்சம் தெரியவில்லை. நண்பர்கள் பார்த்து ரசிப்பார்கள் என்ற நம்பிக்கையோடு ஒன்றை வெளியிடுகிறார்கள் என்றால், அந்த வீட்டில் அது தவறாகவே தெரியவில்லை என்று பொருள். பூனைக்கு வலிக்கும் என்பது தெரியாமல் இல்லை, அது கணக்கிலேயே வரவில்லை.

காணொளி வெளியான மறுநாளே வெஸ்ட் ஹாமுக்கு வாட்ஃபோர்டுடன் ஆட்டம். பயிற்சியாளர் டேவிட் மொயஸ் ஸூமாவைக் களமிறக்கினார். அணியின் நல்ல ஆட்டக்காரர்களில் அவர் ஒருவர் என்பதுதான் சொன்ன காரணம். பந்து அவர் காலுக்கு வந்தபோதெல்லாம் அரங்கம் கூச்சலிட்டது. அப்புறம் கிளப் அவருக்கு இரண்டு வாரச் சம்பளத்தை அபராதமாகப் போட்டது, அடிடாஸ் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது, இரண்டு பூனைகளை விலங்குநல அமைப்பு எடுத்துக்கொண்டு போனது. ஜூனில் நீதிமன்றம் 180 மணி நேரச் சமூக சேவை விதித்தது, ஐந்து வருடத்துக்குப் பூனை வளர்க்கக் கூடாது என்றும் சொன்னது. இந்தக் கடைசி நிபந்தனையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதற்கு வருகிறேன்.

அந்த நாட்களில் அவருடைய சக ஆட்டக்காரர் மைக்கேல் அன்டோனியோ செய்தியாளரிடம் திருப்பிக் கேட்ட கேள்வி ஒன்று பரவலாகப் பேசப்பட்டது. ஸூமா செய்தது இனவெறியை விட மோசமா? இனவெறிப் பேச்சுக்காகத் தண்டிக்கப்பட்டவர்கள் சில ஆட்டங்களில் தடை வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டார்களே, இவருக்கு மட்டும் வேலையே போக வேண்டுமா? கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதை அவ்வளவு எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் அதற்கு முன், எல்லோரும் இந்த விவாதத்தில் முதலில் எடுக்கும் பெயருக்குப் போக வேண்டும்.

மைக்கேல் விக். அமெரிக்கக் கால்பந்தின் என்எஃப்எல் லீக்கில் அட்லாண்டா ஃபால்கன்ஸ் அணியின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர். 2001இல் கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர். 2004இல் பத்து ஆண்டுக்கு 13 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டவர். அதே 2001இல்தான் வர்ஜீனியா மாநிலத்தின் சர்ரி கவுண்ட்டியில் அவர் பணத்தில் ஓர் இடம் வாங்கப்பட்டு, நாய்ச்சண்டைக்கான கூடம் ஒன்று தொடங்கியது. முன்னால் வெள்ளை வீடு. பின்னால் மரங்களுக்கு நடுவே கருப்பு வண்ணம் பூசிய கொட்டகைகள். மண்ணில் புதைத்த கார் அச்சுகளில் கனமான சங்கிலிகளால் பிட் புல் நாய்களைக் கட்டியிருந்தார்கள், ஒன்றை ஒன்று பார்க்கலாம், எட்டித் தொட முடியாது என்ற தூரத்தில். 2007 ஏப்ரலில் போலீஸ் சோதனைக்குப் போனபோது அங்கே அறுபதுக்கும் மேற்பட்ட நாய்கள் இருந்தன.

சண்டை மட்டுமே நடந்திருந்தால்கூடக் கதை வேறு. நாய்களைச் சோதனைக்காக மோதவிட்டுப் பார்ப்பார்கள். சரியாகச் சண்டை போடாத நாயைக் கொன்றுவிடுவார்கள். சுட்டும், தூக்கிலிட்டும், நீரில் அமுக்கியும், மின்சாரம் பாய்ச்சியும், தரையில் அறைந்தும் கொன்றதாகக் குற்றப்பத்திரிகை சொன்னது. சோதனைக்குச் சில நாட்கள் முன்புகூட ஆறு முதல் எட்டு நாய்கள் இப்படி அழிக்கப்பட்டன.

இங்கே ஒரு கணத்தின் ஆவேசத்துக்கு இடமே இல்லை. ஆறு வருடம். நிலம் வாங்கி, ஆள் வைத்து, நாய் வளர்த்து, பந்தயம் கட்டி நடத்திய ஏற்பாடு. ஒவ்வொரு முறையும் நிறுத்திவிட வாய்ப்பு இருந்தது. நிறுத்தியிருந்தால் அவருக்கு ஒரு காசு நட்டமில்லை. நான் மேலே பழக்கம் என்று சொன்னதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது. தான் வளர்ந்த ஊரில் சிறு வயதிலிருந்தே நாய்ச்சண்டையைப் பார்த்தேன் என்று விக் பிறகு சொன்னார். அதை நான் நம்புகிறேன். பார்த்துப் பார்த்து மரத்துப்போவது எப்படி என்பதை அது விளக்குகிறது. தோற்ற நாயைத் தன் கையால் தூக்கிலிடுவதை அது விளக்கவில்லை.

குணத்தை அளக்கும் இரண்டாவது இடம், பிடிபட்ட பிறகு வருகிறது. விக் முதலில் மறுத்தார். லீக் ஆணையரிடமும் அணி உரிமையாளரிடமும் தனக்குத் தொடர்பில்லை என்றார். கூட்டாளிகள் ஒவ்வொருவராக ஒப்புக்கொண்டு சாட்சி சொல்ல முன்வந்த பிறகு, 2007 ஆகஸ்டில் குற்றத்தை ஏற்றார். அன்று மேடையில் நின்று, உண்மை பேசாததற்காக ஆணையரிடமும் உரிமையாளரிடமும் பயிற்சியாளரிடமும் சக வீரர்களிடமும் மன்னிப்புக் கேட்டார். தன்னைப் பார்த்து வளரும் சிறுவர்களிடமும் கேட்டார். நாய்ச்சண்டை கொடுமையானது என்றும் சொன்னார். இருந்தாலும் அந்த மன்னிப்பின் பாரம் முழுக்க அவருடைய வேலையோடு தொடர்புள்ளவர்கள்மீதே இருந்தது. டிசம்பரில் நீதிபதி ஹென்றி ஹட்சன் விதித்த தண்டனை 23 மாதம். அரசுத் தரப்பு பரிந்துரைத்த 12 முதல் 18 மாதத்தை விட அது அதிகம். நாய்களைக் கொன்றதில் தன் பங்கை விக் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை என்று நீதிபதி கருதினார். ஜாமீனில் இருந்தபோது கஞ்சா சோதனையிலும் சிக்கியிருந்தார்.

இனி அன்டோனியோவின் கேள்விக்கு வருவோம். அமெரிக்காவிலேயே அதற்கு இன்னும் கூர்மையான வடிவம் உண்டு. 2009 மார்ச்சில் அதே லீக்கில் ஆடிய டான்டே ஸ்டால்வொர்த் குடித்துவிட்டுக் கார் ஓட்டி, மியாமி பீச்சில் சாலையைக் கடந்த ஒருவரைக் கொன்றார். அவருக்குக் கிடைத்தது 30 நாள் சிறை, பிறகு வீட்டுக்காவலும் நன்னடத்தைக் கண்காணிப்பும். நாய்க்கு 23 மாதம், மனிதருக்கு 30 நாளா என்று அப்போதே பலர் கேட்டார்கள். மனைவியை அடித்த வீரர்கள் அதைவிடக் குறைந்த விலை கொடுத்துவிட்டு அடுத்த சீசனில் ஆடியதும் உண்டு. விக் வழக்கைக் கறுப்பின அமெரிக்கர்கள் பலர் பார்த்த விதமும் வெள்ளையர்கள் பலர் பார்த்த விதமும் வேறாக இருந்ததற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

நாய், பூனைக்காக நமக்கு வரும் ஆத்திரம் மனிதருக்காக வராமல் போவது ஏன்? விலங்கு முழுக்க அப்பாவி. அதன்மேல் எந்தப் பழியையும் திருப்ப முடியாது. மனிதர் அடிபட்டால் உடனே 'அவர் என்ன செய்தார்' என்ற கேள்வி எழுகிறது, அடிபட்ட பெண்களுக்கு இது நன்றாகவே தெரியும். கண்ணால் பார்க்கும் காணொளி ஒன்று இருந்துவிட்டால் ஆத்திரம் பல மடங்காகிறது என்பதும் உண்மை. ஆக, சமநிலை இல்லை. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதிலிருந்து சிலர் வரும் முடிவு தலைகீழானது. மனிதரைத் துன்புறுத்தியவர்களுக்கு நாம் இளகிய மனதோடு இருந்தோம் என்பதற்காக, நாயைத் தூக்கிலிட்டவருக்கும் அதே சலுகை கொடுக்க வேண்டும் என்கிறார்கள். தராசு ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் குறைவாக இருக்கும் தட்டில்தான் எடை கூட்ட வேண்டும். பெண்களை அடித்தவர்களை விளையாட்டுலகம் இவ்வளவு சுலபமாக விட்டுவிடுவதுதான் இதில் உள்ள அநியாயம்.

இன்னொரு எதிர்க்கேள்வி இதைவிடக் கடினமானது. இறைச்சி சாப்பிடும் நீங்கள் விக்கைப் பழிக்க என்ன உரிமை? பண்ணைகளில் கோழியும் பன்றியும் படும் பாடு அந்தக் கருப்புக் கொட்டகையில் நாய்கள் பட்ட பாட்டுக்குக் குறைந்ததா? துன்பத்தின் அளவை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்தக் கேள்விக்கு எனக்குச் சரியான பதில் இல்லை. இந்தக் கேள்வி நம் தட்டைப் பற்றி நாம் யோசிக்கச் சொல்கிறது, யோசிக்கத்தான் வேண்டும். ஆனால் குணம் என்ற கோணத்தில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத தொலைவில் நடக்கும் கொடுமைக்குப் பழக்கத்தால் துணைபோவது ஒன்று. துடிக்கும் உயிரை எதிரில் வைத்துக்கொண்டு, அந்தத் துடிப்பே பொழுதுபோக்காக இருப்பது வேறு. இரண்டும் தவறாக இருக்கலாம். இரண்டாவதைச் செய்யக்கூடியவரிடம் இரக்கம் என்ற தடை வேலை செய்யவில்லை என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது.

விலங்கிடம் கொடூரமாக இருப்பவன் மனிதரிடமும் கல்மனதுக்காரனாகிவிடுவான், அதனால்தான் அது தவறு என்று வாதிட்டார் ஜெர்மன் தத்துவவாதி கான்ட். இன்றும் பலர் இதையே சொல்கிறார்கள். அமெரிக்காவின் எஃப்பிஐ 2016 முதல் விலங்குவதையைத் தனிக் குற்றவகையாகப் பதிவு செய்யத் தொடங்கியதற்குப் பின்னாலும் இப்படி ஒரு கவலை உண்டு. எனக்கு இந்த வாதம் போதவில்லை. பூனையை உதைத்தவர் அடுத்து மனிதரை உதைப்பாரா, மாட்டாரா என்பதில்தான் குற்றத்தின் கனம் இருக்கிறது என்றால், பூனைக்கு வலித்தது எங்கே போயிற்று? மனிதர் யாரையும் தொடாமலேயே ஒருவர் வாழ்நாள் முழுக்க விலங்குகளிடம் கொடியவராக இருக்க முடியும். அது தானாகவே ஒரு குற்றம்தான்.

எல்லாப் பழியையும் தனிமனிதர்மேல் போட்டுவிடுவதிலும் ஆபத்து உண்டு. 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக்கின் நவீன ஐந்துகளப் போட்டியில் ஜெர்மனியின் அனிகா ஷ்லாய் முதலிடத்தில் இருந்தார். அடுத்தது குதிரையேற்றம். அந்தப் போட்டியில் குதிரையைக் குலுக்கல் முறையில் கொடுப்பார்கள், முன்பின் அறியாத குதிரையோடு பழகிக்கொள்ள இருபது நிமிடம். அவருக்கு வந்த செயின்ட் பாய், அதற்கு முன் ஏறியவரிடமே தாண்ட மறுத்த குதிரை. ஷ்லாய் அழுதுகொண்டே சாட்டையால் அடித்தார். வேலிக்கு வெளியே நின்ற பயிற்சியாளர் கிம் ரைஸ்னர், நன்றாக அடி என்று கத்தினார். குதிரையைக் கைமுட்டியால் குத்தவும் செய்தார். ரைஸ்னரை மீதிப் போட்டிகளிலிருந்து வெளியேற்றினார்கள். ஷ்லாய்க்கு இணையத்தில் வந்து விழுந்த வசைக்கு அளவே இல்லை.

அவர் செய்தது சரியென்று சொல்லமாட்டேன். ஆனால் மிரண்டுபோன குதிரையையும் மிரண்டுபோன ஒரு பெண்ணையும் இருபது நிமிடத்தில் சேர்த்துவைத்து, பல வருட உழைப்பை அதன்மேல் ஏற்றிவைத்தது யார்? 1912இல் அந்தப் போட்டி ஒலிம்பிக்குக்கு வந்த நாளிலிருந்து குதிரை அதில் இருந்தது. டோக்கியோவுக்குப் பிறகுதான் சர்வதேசக் கூட்டமைப்பு குதிரையேற்றத்தைக் கைவிட முடிவெடுத்தது, பாரிஸோடு அது முடிந்தது. அந்த முடிவே விதிகளில் குற்றம் இருந்தது என்பதற்கு ஒப்புதல். ஷ்லாயை விக்கோடு சேர்த்துப் பேசுகிறவர்கள் அழுத்தத்தில் உடைந்துபோனதையும் ஆற அமரத் திட்டமிட்டதையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். டுஜார்டின் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறார். அவருக்குப் பதக்க நெருக்கடி இல்லை, நிமிடக் கணக்கு இல்லை, அது ஒரு சாதாரணப் பயிற்சி நாள். சர்வதேச குதிரையேற்றக் கூட்டமைப்பு அவருக்கு ஓராண்டுத் தடையும் 10,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதமும் விதித்தது. பல ஆண்டு ஊறிய பயிற்சி முறைகளிலிருந்து அந்தச் சாட்டை வந்ததா என்ற கேள்வி அந்தத் தடையோடு முடிந்துவிடவில்லை.

விக்கின் கதையில் எனக்கு மிகவும் உறுத்தும் பகுதி, மன்னிப்பு வந்த வேகமும் வந்த வழியும். 2009இல் விடுதலையாகி ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸில் சேர்ந்தார். 2010இல் அவருடைய ஆட்ட வாழ்க்கையிலேயே சிறந்த சீசன்களில் ஒன்றை ஆடினார். சிறந்த மீள்வருகை வீரர் என்ற விருது வந்தது. இரண்டாவது வாய்ப்புக் கொடுத்ததற்காக அணி உரிமையாளரை அதிபர் ஒபாமாவே தொலைபேசியில் பாராட்டினார். இதே விக் அந்த வருடம் மோசமாக ஆடியிருந்தால், அதே அளவு வருந்தியிருந்தாலும், இவ்வளவு பேர் அவர் திருந்திவிட்டார் என்று சொல்லியிருப்பார்களா? காலின் வேகம் கூடியதை மனம் மாறியதற்குச் சான்றாக எடுத்துக்கொண்டோம்.

அவர் உண்மையிலேயே செய்தவற்றைத் தனியாகப் பார்க்க வேண்டும். மீட்கப்பட்ட நாய்களின் பராமரிப்புக்கு நீதிமன்ற ஏற்பாட்டின்படி ஒன்பது லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார். நாய்ச்சண்டைக்கு எதிராகப் பள்ளிகளில் பேசினார். 2011இல், விலங்குச் சண்டையை வேடிக்கை பார்க்கப் போவதையே குற்றமாக்கும் சட்டத்துக்கு ஆதரவாக வாஷிங்டனில் பேசினார். 2014இல் அது சட்டமும் ஆயிற்று. இதில் எவ்வளவு மனம், எவ்வளவு மேலாளர்களின் யோசனை என்று தோண்டிக்கொண்டிருப்பதில் பயனில்லை. ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து செய்தால் அதுவும் பழக்கம்தான். கொடுமையைப் பழக்கமாகப் பார்த்து அளந்தால், திருத்தத்தையும் அப்படியேதான் அளக்க வேண்டும்.

நாய்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பவர்கள் குறைவு. சண்டை வழக்குகளில் கைப்பற்றப்பட்ட நாய்களைக் கொன்றுவிடுவதே அதுவரை வழக்கம். இந்த நாய்களையும் அப்படியே செய்ய வேண்டும் என்று பெரிய விலங்குநல அமைப்புகளே சொல்லின. நீதிமன்றம் ஒவ்வொரு நாயையும் தனித்தனியே சோதிக்க வைத்தது. அப்படிச் சோதித்த ஏறத்தாழ ஐம்பது நாய்களில், மூர்க்கத்துக்காகக் கொல்ல வேண்டும் என்று முடிவானது ஒன்றே ஒன்றுதான். 22 நாய்கள் யூட்டாவில் உள்ள ஒரு சரணாலயத்துக்குப் போயின. ஜானி ஜஸ்டிஸ் என்ற நாய், வாசிக்கத் தயங்கும் குழந்தைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் வாசிப்பதைக் கேட்கும் வேலைக்குப் பழகியது. லியோ, புற்றுநோயாளிகளைப் பார்க்கப் போனது. வேறு சில கடைசிவரை கதவு ஓசைக்கே நடுங்கின. இந்த வழக்குக்குப் பிறகு, சண்டையிலிருந்து மீட்ட நாய்களைத் தனித்தனியாகப் பார்த்து முடிவெடுக்கும் முறை பரவியது.

இந்த நாய்களில் ஒன்றுகூட விக்கை மன்னிக்கவோ மறுக்கவோ முடியாது. பாதிக்கப்பட்டவர் மன்னிக்க வழியில்லாத இடத்தில், ரசிகர்கள் அந்த மன்னிப்பைத் தங்கள் பெயரில் வழங்கிவிடுவது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. நம்மால் முடிவது வேறு ஒன்று: எதில் ஒருவரை நம்பலாம், எதில் கூடாது என்று சொல்வது. ஸூமாவுக்கு நீதிமன்றம் போட்ட நிபந்தனையை இதற்காகத்தான் நினைவில் வைக்கச் சொன்னேன். அது அவர் நல்லவரா கெட்டவரா என்ற பேச்சுக்குள் போகவில்லை. பந்து ஆடக் கூடாது என்றும் சொல்லவில்லை. ஐந்து வருடம் இவர் வீட்டில் பூனை இருக்கக் கூடாது, அவ்வளவுதான். நம்பிக்கை எங்கே உடைந்ததோ அங்கேயே கட்டுப்பாடு.

ரசிகர்களும் இப்படிப் பிரித்துப் பார்க்கலாம். ஓர் ஆட்டத்தை ரசிப்பது ஒரு மனிதருக்கு நற்சான்று கொடுப்பது ஆகாது. விக் எறிந்த பந்தைக் கைதட்டி வரவேற்க அவர் குணத்தைப் பற்றிய முடிவு எதுவும் தேவையில்லை. ஆனால் லீக்கின் 2020 நட்சத்திர ஆட்டத்துக்கு அவரைக் கௌரவத் தலைவராக அழைத்தபோது லட்சக்கணக்கானோர் எதிர்த்துக் கையெழுத்திட்டதில் எனக்கு வியப்பில்லை, ஏனெனில் அங்கே கொடுத்தது மரியாதை. 2024 டிசம்பரில் நார்ஃபோக் ஸ்டேட் பல்கலைக்கழகம் அவரைத் தலைமைப் பயிற்சியாளராக்கியது. இது இன்னும் எடை கூடிய பொறுப்பு. பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகள் தோற்றுவிட்டு வந்து நிற்கும்போது அவர்களிடம் எப்படி நடந்துகொள்வது என்பது அந்த வேலையின் பாதி. தோற்ற நாயை என்ன செய்தார் என்பது தெரிந்த ஒருவரிடம் அந்தப் பொறுப்பைக் கொடுக்கும்போது, இத்தனை வருடம் அவர் எப்படி நடந்துகொண்டார் என்று கேட்கப் பல்கலைக்கழகத்துக்கும் பெற்றோருக்கும் முழு உரிமை இருக்கிறது. அதற்குப் பதில் சொல்லும் கடமை அவருக்கும் இருக்கிறது, எத்தனை ஆட்டம் ஜெயித்தாலும்.